நீலத்திரை காட்டி நின்றுபோகும் கணினி: டிரைவர் பழுதா, ரேம் பழுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனி அலுவலகங்கள், விசைத்தறிக் கூடங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், மொத்த வியாபாரக் கடைகள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் மிகுதியானவை ஒரே வகைப்பட்டவை: வேலை நடுவே நீலத்திரை வந்து கணினி நின்றுவிடுகிறது, ஃபார்மேட் செய்தும் தீரவில்லை என்பதே அவற்றின் சாரம். இப்படிப்பட்ட பழுதுகளைத் தேடிப்போனால் பெரும்பாலும் டிரைவரிலோ, கணினி ஓடும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமிலோதான் போய் நிற்கிறோம். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. பிரித்தறியாமல் கை வைப்பவர்கள் பணத்தை மட்டுமல்ல, சில வேளைகளில் கணக்குகளையும் இழக்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

ஏனுங்க, நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து சிஸ்டம் ஆஃப் ஆகி ஆன் ஆகுதுங்க. வைரஸ் ஏறிடுச்சுங்களா?

பெரும்பாலும் வைரஸ் காரணம் அல்ல. விண்டோஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். தொடர்ந்து ஓடவிட்டால் தகவல்கள் கெட்டுவிடக்கூடும் என்ற அளவுக்கு அங்கே ஒரு பிழை நேரும்போது, விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காட்டும் அறிவிப்புதான் அந்தத் திரை. டேலி போன்ற கணக்கு மென்பொருளோ பிரௌசரோ பிழைபட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும்; கெர்னலுக்குள் நிகழும் பிழைக்கு அப்படித் தனியே ஒதுங்க இடமில்லை. நிறத்தைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை: விண்டோஸ் 11-இல் 2025-ஆம் ஆண்டுப் புதுப்பிப்புகளுக்குப் பிறகு இதே திரை கறுப்பாக வருகிறது.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் கணினிகள் நீலத்திரையில் நின்றபோது, அதைச் சைபர் தாக்குதல் என்றே பலரும் நினைத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர் படித்த, பிழையான ஒரு புதுப்பிப்புக் கோப்புதான் அதற்குக் காரணமாக இருந்தது. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

டிரைவர்னா என்னங்க? நான் அப்படி எதையும் இன்ஸ்டால் பண்ணலையே.

பிரிண்டர், வைஃபை, கிராபிக்ஸ் கார்டு, ஒலி, வட்டு என ஒவ்வொரு வன்பொருளையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு நிரல்தான் டிரைவர். நீங்கள் எதையும் நிறுவாவிட்டாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பல டிரைவர்கள் தாமாகவே வந்து சேரும். ஆன்ட்டிவைரஸ் போன்ற மென்பொருள்களும் தமக்கென ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். இவற்றில் பல, கெர்னலுக்கு உள்ள அதே அதிகாரத்தோடு ஓடுவதால், ஒரு டிரைவரின் தவறு முழுக் கணினியையும் நிறுத்திவிடுகிறது. ஒரே கணினியில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டிருப்பவர்கள் வேறெதையும் பார்க்கும் முன் அவற்றில் ஒன்றை நீக்கிவிடுங்கள்.

அந்த ஸ்கிரீன் வந்த வேகத்துல போயிருதுங்க, படிக்கவே முடியலை. என்ன எழுதியிருந்துச்சுன்னு எப்படிப் பாக்கறது?

கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற பகுதியில், ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தேதி, நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகிய மூன்றையும் மேசையிலுள்ள ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டு இருக்கும் இடத்தில் பழுதைக் கண்டுபிடிப்பது பாதி முடிந்த வேலை.

ஏற்கெனவே நடந்துவிட்டவற்றைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடுங்கள். எந்த நாளில் எது நின்றது, அதற்கு முன் எந்த டிரைவரோ மென்பொருளோ நிறுவப்பட்டது என்பது நாட்காட்டி போல வரிசையாகத் தெரியும். இவை தவிர, ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு பதிவுக் கோப்பு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் சேரும். டிஸ்க் கிளீனப் ஓட்டுபவர்களும் கிளீனர் மென்பொருள் வைத்திருப்பவர்களும் இந்தக் கோப்புகளை அறியாமலேயே அழித்துவிடுகிறார்கள். பழுது தீரும் வரை அவற்றை ஓட்ட வேண்டாம்.

எங்களுக்கு நீலத்திரையே வரலைங்க. பொசுக்குன்னு அணைஞ்சு மறுபடியும் ஆன் ஆகுது. இதுவும் அதே கோளாறுதானுங்களா?

இது வேறு வகையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூயரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் திறந்து, அதன் விவரங்களில் பக்செக் கோடு என்ற எண்ணைப் பாருங்கள். அது 0 என்று இருந்தால், விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு நிறுத்தவில்லை, காலடியிலிருந்த மின்சாரமே போயிருக்கிறது அல்லது கணினி முற்றிலும் உறைந்துபோய் யாரோ பொத்தானை அழுத்தி அணைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 0 அல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்து போயிருக்கிறது. மேலேயுள்ள விடையில் சொன்னபடி பதிவுகளைத் தேடுங்கள்.

நம் பகுதியில் மின்சாரம் தொடர்பான காரணங்கள் பல. தறிக்கூடத்தோடு ஒட்டிய அலுவலகத்தில் மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். கேபினட்டுக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தேய்ந்துபோயிருந்தால் அதைத் தாங்காது. யூபிஎஸ் பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இப்படியே நடக்கும். வெப்பமும் ஒரு காரணம்: சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தொடும் வெயிலில், பஞ்சு அடைத்த ஃபேனோடு ஓடும் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியை அணைத்துவிடும். ஆகவே முதலில் கேபினட்டைத் திறந்து பஞ்சை நீக்கி, வேறொரு யூபிஎஸ்ஸில் மாட்டிப் பாருங்கள். டிரைவரைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

எரர்ல "மெமரி மேனேஜ்மென்ட்"னு வந்துச்சுங்க. அப்ப ரேம் போச்சுன்னுதானே அர்த்தம்?

அப்படி முடிவுகட்டிவிட முடியாது. நினைவகத்தின் கணக்கு வழக்கில் ஒரு முரண்பாட்டை விண்டோஸ் கண்டது என்பதே அந்தச் சொல்லின் பொருள். ரேம் சில்லு தவறாகப் படித்திருந்தாலும் அந்த முரண்பாடு தோன்றும், ஒரு டிரைவர் தனக்கு உரிமையில்லாத இடத்தில் எழுதிவிட்டாலும் தோன்றும். பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்ற இரண்டு செய்திகளும் இதே போல இரு பக்கமும் கை காட்டுபவை.

சில பெயர்கள் மட்டும் ஓரளவு தெளிவானவை. வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்றால் கிராபிக்ஸ் கார்டு உரிய நேரத்துக்குள் பதில் தரவில்லை, அதை மீட்டெடுக்கும் முயற்சியும் தோற்றது என்று பொருள். டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர், கணினி உறங்கும்போதோ விழிக்கும்போதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்பதைக் குறிக்கும். டபிள்யூஎச்இஏ (WHEA) அன்கரெக்டபிள் எரர், வன்பொருளில் ஒரு பிழை நேர்ந்ததைப் புராசஸரே விண்டோஸிடம் தெரிவித்ததால் வருவது. இதற்கு வெப்பம், மின்னழுத்தம், புராசஸர், ரேம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். எனவே நீலத்திரையின் ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "என்ன பழுது?" என்று கேட்டால் உறுதியாக விடை சொல்ல என்னால் இயலாது. தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் இருந்தால் சொல்லலாம். காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

டிரைவரா ரேமான்னு பிரிச்சுப் பாக்க ஏதாச்சும் அடையாளம் இருக்குதுங்களா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படியுங்கள். நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுக ஒரே இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தால் ஊசியைப் பிடித்துவிடலாம். டிரைவர் பழுதும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒவ்வொரு முறையும் ஒரே பிழைப்பெயர், ஒரே கோப்பின் பெயர், பெரும்பாலும் ஒரே செயலின் போது வரும். துணி வெட்டுவதற்கான வரைபடமான மார்க்கரை, அதை வரையும் பிளாட்டருக்கு அனுப்பும்போது மட்டும், வைஃபையில் பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும், உறக்கத்திலிருந்து எழுப்பும்போது மட்டும் நிற்கிறது என்றால் அந்தச் செயலோடு தொடர்புடைய டிரைவரைச் சந்தேகியுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கியிருந்தால் சந்தேகம் மேலும் வலுக்கும்.

பழுதான ரேமில் கெட்ட இடம் மாறுவதில்லை, ஆனால் அந்த இடத்தில் என்ன வந்து அமர்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இன்று அங்கே கிராபிக்ஸ் டிரைவரின் ஒரு துண்டு இருக்கும், நாளை எக்செல் தாளின் ஒரு பகுதி இருக்கும், மறுநாள் காலியாகவே இருக்கும். அதனால் ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், மறுமுறை வேறொரு செய்தி, பிறகு நீலத்திரையே இல்லாமல் பிரௌசர் மட்டும் மூடிக்கொள்வது, ஜிப் கோப்பு விரிய மறுப்பது, விண்டோஸ் நிறுவும்போதே பாதியில் கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்வது என அறிகுறிகள் தொடர்பில்லாமல் சிதறிக் கிடக்கும். இப்படிச் சிதறிய அறிகுறிகளைக் கண்டால் டிரைவரைத் தொடாமல் நேரே ரேம் சோதனைக்குப் போய்விடுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. மோசமான ஒரு டிரைவர், பிறருடைய நினைவகத்தில் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தால், அதுவும் சிதறிய அறிகுறிகளையே தரும். ரேம் சோதனை முழுமையாகத் தேறிய பின்னும் அறிகுறிகள் சிதறியிருந்தால் டிரைவர் வெரிஃபையர் பற்றிய கேள்விக்குச் செல்லுங்கள்.

ஃபார்மேட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுட்டா எல்லாம் சரியாயிருமுங்களே?

ரேம் பழுது என்றால் ஆகாது. டிரைவர் பழுது என்றாலும் அதே டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகத் திரும்பி வந்து அமரும்போது பழுதும் திரும்பும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: ஃபார்மேட் செய்தவுடன் மினிடம்ப் கோப்புகளும் ரிலையபிலிட்டி ஹிஸ்டரியும் அழிந்துபோவதால், காரணத்தைக் காட்டக்கூடிய சான்றுகள் அனைத்தும் போய்விடுகின்றன. கெட்ட ரேமோடு விண்டோஸை நிறுவினால், நிறுவப்படும் கோப்புகளே பிழையோடு வட்டில் எழுதப்படவும் கூடும். ரேம் சோதனை முடியாத கணினியில் ஃபார்மேட் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மினிடம்ப் ஃபைலைத் திறந்து பாத்தேன். எல்லாத்துலயும் "என்டிஓஎஸ்கேஆர்என்எல்"னு வருது. அது எந்த டிரைவருங்க?

அது டிரைவர் அல்ல, விண்டோஸ் கெர்னலே. பிழை வெளிப்பட்ட இடம் அது. பிழையைச் செய்தவர் வேறு. புளூஸ்கிரீன்வியூ போன்ற எளிய மென்பொருள்கள் வெளிப்பட்ட இடத்தைத்தான் முதலில் காட்டுகின்றன. மைக்ரோசாஃப்டின் வின்டிபிஜி என்ற இலவசக் கருவி, பிழைக்கு முன் எந்தெந்த நிரல்கள் ஒன்றையொன்று அழைத்தன என்ற வரிசையையும் காட்டும். அந்த வரிசையில் மைக்ரோசாஃப்ட் அல்லாத ஒரு பெயர் அடுத்தடுத்த கோப்புகளில் தொடர்ந்து தென்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கெர்னல் பெயர் மட்டுமே வந்து, பிழைப்பெயர்களும் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சோதியுங்கள்.

போன வாரம் அப்டேட் ஆனதுல இருந்துதானுங்க இப்படி. பழையபடி மாத்த முடியுமா?

முடியும். டிவைஸ் மேனேஜரில் அந்த வன்பொருளைத் திறந்து, டிரைவர் என்ற தாவலில் ரோல் பேக் டிரைவர் என்பதைத் தேர்ந்தால் முந்தைய டிரைவர் திரும்பும். அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று பொருள். லேப்டாப் என்றால் அதன் தயாரிப்பாளரின் இணையதளத்திலும், டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் சரியான மாடல் எண்ணைத் தேடி, ஒரு படி பழைய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு தொடங்கியது என்றால், 10 நாட்களுக்குள் கோ பேக் வசதி வழியாகவே திரும்பிவிடலாம். கிராபிக்ஸ் டிரைவருக்கு மட்டும், டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளால், அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் முழுதும் துடைத்துவிட்டு, இணையத்தைத் துண்டித்த நிலையில் புதிதாக நிறுவுவது நல்ல பலன் தருகிறது.

விண்டோஸ் உள்ளேயே போக முடியவில்லை என்றால் சேஃப் மோடு தேவைப்படும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தால் அதற்கான திரை வரும்; தொடக்கமே தொடர்ந்து தடைபட்டால் விண்டோஸ் தானாகவே அந்தத் திரைக்கு அழைத்துச் செல்லும். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில், வட்டிலுள்ள தகவல்களைக் காக்கும் பிட்லாக்கர் பூட்டு முதலிலிருந்தே இயங்கிக்கொண்டிருப்பதால், இந்த வழியில் செல்லும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேலையை விட்டுப்போன ஊழியரின் கணக்கில் அலுவலகக் கணினியை அமைத்திருந்தால், கணினி நன்றாக ஓடும்போதே அந்தச் சாவியை எடுத்து அச்சிட்டு வைத்துவிடுங்கள்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்ல அப்டேட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக்கலாமுங்களா?

வேண்டாம். மாடலுக்குப் பொருந்தாத டிரைவரை அவை பொருத்திவிடுவது உண்டு. ஒரே நேரத்தில் பல டிரைவர்கள் மாறிவிட்டால், பிறகு எது பழுதைக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எங்க எடை மேடை, பார்கோடு பிரிண்டர் எல்லாம் பழசுங்க. விண்டோஸ் 11-க்கு மாத்துன பிறகு மக்கர் பண்ணுது. என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பல இடங்களில் கணினியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கருவிகளை அப்படியே தொடர்கிறார்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாது. எனவே பழைய 32 பிட் டிரைவர்கள் அதில் ஏறவே ஏறாது. எடை மேடையை இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிளில் இன்னொரு சிக்கல் உண்டு. பிஎல்2303 வகையின் பழைய சில்லு உள்ள கேபிளைச் செருகினால், 2012-ஆம் ஆண்டோடு அது நிறுத்தப்பட்டுவிட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே செய்தி வரும். உடனே யாரோ ஒருவர் இணையத்தில் எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவரைக் கொண்டுவந்து திணிக்கிறார். அங்கிருந்துதான் நீலத்திரை தொடங்குகிறது. தரமான புதிய கேபிளை வாங்குவதே இதற்குத் தீர்வு, அதன் விலையும் பெரிதல்ல.

விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷன் என்ற பகுதிக்குள் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்க முயன்றால், பொருந்தாத பழைய டிரைவர்களின் பட்டியலை அதுவே தரும். மூலையில் ஒதுக்கிவிட்ட ஸ்கேனரின் டிரைவர்கூட அதில் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

நாங்க தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே போறோம். அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு ஏன் சொல்றீங்க?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுக்கும்போது, கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் அனைத்தையும் புதிதாகத் தொடங்கும். டிரைவரை மாற்றிய பிறகு எப்போதும் ரீஸ்டார்ட் கொடுங்கள். பழுது ஆராயும் நாட்களில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவைப்பது நல்லது.

ரேமை டெஸ்ட் பண்றது எப்படிங்க? நாங்களே பண்ணிக்கலாமா?

தாராளமாகச் செய்யலாம். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது; ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். அது கணினியை மறுதொடக்கம் செய்து சோதிக்கும். சோதனை ஓடும்போது எஃப்1 விசையை அழுத்தினால் எக்ஸ்டெண்டட் என்ற விரிவான வகையைத் தேர்ந்துகொள்ளலாம். முடிவு திரையில் வந்து மறைந்துவிட்டால் ஈவென்ட் வியூயரில் மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும். இது பழுது என்று சொன்னால் நம்புங்கள். பழுதில்லை என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். நுட்பமான பழுதுகளை இது தவறவிடுவது உண்டு.

அடுத்த படி மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். இரண்டும் தனித்தனி மென்பொருள்கள், இலவசமாகக் கிடைக்கும். ஒரு காலி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். பென்டிரைவில் இருப்பது அனைத்தும் அழியும் என்பதை மறக்க வேண்டாம். சில கணினிகளில் செக்யூர் பூட் (Secure Boot) என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பை அணைக்க நேரும். பிட்லாக்கர் சாவி பற்றி முன்பு சொன்னதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஓடாத நிலையில் சோதிப்பதால் நினைவகத்தின் ஏறக்குறைய முழுப் பரப்பையும் இவற்றால் தொட முடிகிறது. குறைந்தது நான்கு சுற்றாவது முடிய வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், மாலையில் அலுவலகம் மூடும்போது தொடங்கிவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது வசதி. சூடேறிய பிறகே வெளிப்படும் பழுதுகளும் உண்டு. ஒரே சுற்றில் நிறுத்திவிட்டால் அவை பிடிபடாது.

பிழை வந்தால், மின் இணைப்பைத் துண்டித்து ரேம்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதைப் போடுங்கள். அடுத்த ஸ்லாட்டிலும் இப்படியே செய்யுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் பழுது மதர்போர்டிலோ புராசஸர் பொருந்தும் இடத்திலோ இருக்கிறது; எந்த ஸ்லாட்டில் போட்டாலும் குறிப்பிட்ட ரேம் மட்டும் தவறினால் அந்த ரேமே பழுது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு, நன்றாயிருந்த ரேமைத் தூக்கிப்போட்டவர்கள் பலர்.

டெஸ்ட்ல ரெண்டே ரெண்டு எரர்தானுங்க வந்துச்சு. அவ்வளவு பெரிய ரேம்ல ரெண்டு ஒரு விஷயமா?

ஆம். 8 ஜிபி ரேமில் ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று தவறினாலும், அது ஒரு நிரலின் முகவரிக்குள் விழுந்தால் கணினி நிற்கும், ஓர் இன்வாய்ஸ் தொகைக்குள் விழுந்தால் தொகை மாறும். நான்கு சுற்றுச் சோதனையில் ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே.

ஆனால் உடனே புதியது வாங்க ஓட வேண்டாம். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 ரேமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், 3600 என்று அட்டையில் போட்டிருக்கும் பல ரேம்கள் 1.35 வோல்ட்டில், பொது வரையறையான 3200-ஐத் தாண்டி ஓடும்படி அமைக்கப்பட்டவை. அந்த வேகத்தை எல்லாப் புராசஸரும் மதர்போர்டும் தாங்குவதில்லை. அமைப்பை அணைத்து இயல்பான வேகத்தில் மீண்டும் சோதியுங்கள். பிழை மறைந்தால் செலவில்லாமல் தீர்ந்தது. மறையாவிட்டால் பில்லைத் தேடுங்கள். பெயர்பெற்ற ரேம் நிறுவனங்கள் பல, நீண்டகால உத்தரவாதம் தருகின்றன.

ரப்பர் போட்டுத் தேச்சு மாட்டுனா சரியாயிரும்னு சொல்றாங்களே, உண்மைங்களா?

ரேமின் தங்கநிறப் பற்களில் படிந்த அழுக்கால் தொடர்பு விட்டுவிட்டு வந்தால், கழற்றித் துடைத்து அழுத்தமாக மாட்டுவது உண்மையிலேயே பலன் தரும். பஞ்சு பறக்கும் இடங்களில் இது அடிக்கடி நேர்கிறது. ஆனால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய பழுது வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்து உலரவைப்பது பாதுகாப்பானது. ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். துடைத்த பிறகு மேலே சொன்ன நான்கு சுற்றுச் சோதனையை மறுபடி ஓட்டாமல் "சரியாயிற்று" என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே சில்லு கெட்டிருந்தால் எந்தத் துடைப்பும் உதவாது.

ஏற்கெனவே இருந்த ரேமோட இன்னொண்ணு வாங்கிப் போட்டதுல இருந்து நிக்குதுங்க. தனித்தனியாப் போட்டா ரெண்டும் நல்லா ஓடுது. இது எப்படிங்க?

இரண்டும் நல்லவையாக இருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். வேகமும் டைமிங்கும் உள்ளே இருக்கும் சில்லுகளின் அமைப்பும் வேறுபட்டால், புராசஸரிலுள்ள மெமரி கன்ட்ரோலர் இரண்டுக்கும் பொதுவான ஓர் அமைப்பைத் தேட வேண்டியிருக்கும். அது எல்லைக்கோட்டில் அமையும்போது சுமை கூடிய நேரத்தில் மட்டும் பிழை வரும். எக்ஸ்எம்பியை அணைத்து, பயாஸைப் புதுப்பித்து, இரண்டையும் சேர்த்து மாட்டிய நிலையிலேயே சோதனையை ஓட்டுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே இரண்டு ரேம்களுக்கு உரியவை. புதிதாக வாங்குவதாயின், ஒரே பெட்டியில் இணையாக வரும் இரண்டை வாங்குங்கள்.

ரேம் டெஸ்ட் பாஸ் ஆயிருச்சு, டிரைவரையும் மாத்தியாச்சு. இன்னும் நிக்குதுங்க. டிரைவர் வெரிஃபையர் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் இது விஷயம் தெரிந்தவர் அருகில் இருக்கும்போது செய்ய வேண்டியது. வெரிஃபையர், தேர்ந்தெடுத்த டிரைவர்களைக் கடுமையான கண்காணிப்பில் வைத்து, விதியை மீறிய அந்தக் கணமே கணினியை நிறுத்தி, மீறியவரின் பெயரைப் பதிவு செய்யும். சாதாரணமாக, தவறு செய்த டிரைவர் தப்பித்துக்கொண்டு, பிறகு வந்து சேரும் வேறொருவர் பெயரில் நீலத்திரை வரும். அந்தக் குழப்பத்தை இது நீக்குகிறது. மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தொடங்குமுன் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்கி, தகவல்களை நகலெடுத்துவிடுங்கள். தொடக்கத்திலேயே ஏறும் ஒரு டிரைவர் விதியை மீறினால், கணினி ஒவ்வொரு முறையும் தொடங்கும்போதே நின்றுவிடும். அப்போது சேஃப் மோடில் நுழைந்து, கமாண்ட் பிராம்ப்டில் வெரிஃபையரின் ரீசெட் கட்டளையைக் கொடுத்து அணைக்க வேண்டும். கண்காணிப்பில் கணினி மெதுவாக ஓடும் என்பதால், பெயர் கிடைத்தவுடன், அல்லது ஓரிரு நாளில் எதுவும் கிடைக்காவிட்டாலும், அணைத்துவிடுங்கள். எதுவுமே சிக்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ், வட்டு, புராசஸர் என்ற வரிசையில் மாற்று உதிரி போட்டுப் பார்ப்பதுதான் மிச்சம்.

லேப்டாப்புல ரேம் போர்டோட சேந்தே இருக்குதுங்க, கழட்ட முடியலை. டெஸ்ட்ல எரர் வருது. தூக்கிப் போட்டற வேண்டியதுதானா?

மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உத்தரவாதக் காலம் இருந்தால் மெம்டெஸ்ட் முடிவைப் படம் எடுத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். காலம் கடந்திருந்தால், சில்லு அளவில் வேலை செய்யும் பழுதுபார்ப்போர் கோவை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். செலவைக் கேட்டு, லேப்டாப்பின் வயதோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். கெட்ட முகவரிகளைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்கும்படி விண்டோஸுக்குச் சொல்லும் பேட் மெமரி லிஸ்ட் என்ற அமைப்பு உண்டு. பிள்ளைகள் பாடம் பார்க்கும் லேப்டாப்புக்கு அது போதும். கெடுதல் பரவிக்கொண்டே போகலாம் என்பதால் கணக்கு எழுதும் கணினிக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

ரெண்டு மாசமா இந்தக் கெட்ட ரேம்லதான் ஓடிட்டு இருந்துச்சுங்க. அப்ப எடுத்த டேலி பேக்கப்பை நம்பலாமுங்களா?

சோதிக்காமல் நம்பக் கூடாது. வட்டிலிருந்து பென்டிரைவுக்குப் போகும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகவே போகிறது. வழியில் ஒரு பிட் மாறினால் எந்த எச்சரிக்கையும் வராது. பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி வகை ரேம் சர்வர்களில் இருக்கும், அலுவலக டெஸ்க்டாப்களில் பொதுவாக இருக்காது. ஆகவே பழுது தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய பேக்கப் எதையும் அழிக்காதீர்கள். புதியதை அதன் மேலேயே எழுதவும் வேண்டாம். தேதி போட்டுத் தனித்தனி ஃபோல்டர்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, ரேம் சோதனை தேறிய வேறொரு கணினியில், அந்தச் சந்தேகத்துக்குரிய பேக்கப்பைத் தனி ஃபோல்டரில் விரித்துத் திறந்து பாருங்கள். திறப்பதும் டிரயல் பேலன்ஸ் பொருந்துவதும் மட்டும் போதாது. கணினிக்கு வெளியே இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும்: அந்த இரண்டு மாதத்தின் விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்தபடியே இருக்கும், வங்கியின் கணக்கு அறிக்கை இருக்கும், இ-வே பில்களும் அச்சிட்ட இன்வாய்ஸ்களும் இருக்கும். மாதவாரியாக மொத்தத்தை ஒப்பிட்டு, மாறுபடும் மாதத்தில் மட்டும் பில் பில்லாக இறங்கினால் வேலை குறையும். டேலியிலுள்ள ரிப்பேர் வசதி கோப்பின் கட்டமைப்பைச் சீராக்குமே தவிர, மாறிப்போன ஒரு தொகையை அதனால் அடையாளம் காண முடியாது. அதையும் நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும், மூலத்தின் மேல் அல்ல. டிசைன் படங்கள், மார்க்கர் கோப்புகள், வாங்குவோருக்கு அனுப்பிய பிடிஎஃப்கள் ஆகியவற்றுக்கு, மின்னஞ்சலில் ஏற்கெனவே அனுப்பிய பிரதிகளே நம்பத்தக்க ஒப்பீடு. அவற்றை இறக்கி வைத்துக்கொண்ட பிறகு பழைய வட்டைத் துடைக்கலாம்.